நெடுந்தீவுப் புறாக்கூடும் நம் வீட்டுப் புறாக்கூடும்

வீட்டில் வளர்க்கும் பறவைகளைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் அவற்றின் தீனியைப் பற்றியும் நோயைப் பற்றியுமே பேசுகின்றோம். அவை குடியிருக்கும் இடத்தைப் பற்றிப் பேசுவது குறைவு. நல்ல தீனி கொடுத்தும் பறவைகள் நலிந்து இறக்கக் கண்டு, காரணம் தெரியாது திகைப்போர் பலர் உளர். அவர்கள் முதலில் ஆராய வேண்டியது தீனிப் பாத்திரத்தை அன்று, கூட்டை. ஆதலால் இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள், புறாக்களுக்குப் பெரியதொரு கூடு அமைப்பது எங்ஙனம் என்பதாகும். அதனை விளக்குவதற்கு யாழ்ப்பாணத் தீவுகளுள் ஒன்றாகிய நெடுந்தீவைத் துணைக்கு அழைத்துக்கொள்கின்றேன்.

நெடுந்தீவு என்றதும் அங்கே மேய்ந்து திரியும் குதிரைகளே பலர் நினைவுக்கு வரும். குறிகட்டுவானிலிருந்து படகேறிச் செல்வோர், கோட்டையின் இடிபாடுகளையும், பருத்த அடிமரத்தோடு நிற்கும் பெருக்கு மரத்தையும், சுண்ணாம்புச் சாந்து இல்லாமலே அடுக்கி வைத்த முருகைக்கல் மதில்களையும் கண்டு வியப்பர். இவற்றோடு அங்கே இன்னொரு சின்னமும் உண்டு. அது ஒரு பழைய புறாக்கூடு. முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய சிறு கோபுரம் போன்ற அமைப்பு. அதன் மேற்பகுதியில் வரிசை வரிசையாகப் பொந்துகள். 1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றி 1795 வரை ஆண்ட ஒல்லாந்தர், செய்தி கொண்டுசெல்லும் புறாக்களை வளர்த்த இடம் இது என்று அவ்வூரார் காட்டுவர். பார்க்கச் சிறிய கட்டடமே. ஆனால் புறாவுக்கு வீடு கட்டுகின்ற கலையின் முதற் பாடம் முழுவதும் அதன் பொந்துகளுக்குள் அடங்கிக் கிடக்கின்றது.

அப்பாடம் யாது? அதனை அறியப் புறாவின் பிறப்பிடத்தை முதலில் அறிதல் வேண்டும். நாம் வளர்க்கும் புறா வகைகள் யாவும் மாடப்புறா என்னும் ஒரே காட்டினத்தின் வழிவந்தவை. கிளையிற் கூடு கட்டும் காகத்தையும், பொந்து தேடும் கிளியையும் போன்றதன்று இப்பறவை. செங்குத்தான பாறைச் சரிவுகளில், கடலோரக் குன்றுகளின் வெடிப்புகளில், கல் விளிம்புகளில் வாழ்வது அதன் இயல்பு. நம் நாட்டிலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக் கடற்கரைக்கு எதிரே, கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில் புறாத்தீவு இருக்கின்றது. அதன் பாறைகளில் மாடப்புறாக்கள் இயற்கையாகவே குடியிருந்தமையால் அப்பெயர் பெற்றது. 1963ஆம் ஆண்டு அது சரணாலயமாகவும், 2003ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது.

இனி நெடுந்தீவைப் பாருங்கள். நீளம் ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர், அகலம் ஏறத்தாழ ஆறு கிலோமீற்றர். எங்கும் தட்டையான நிலம். குன்று இல்லை, செங்குத்துப் பாறை இல்லை, புறா விரும்பி ஒதுங்கும் கல் விளிம்பு ஒன்றேனும் இல்லை. அத்தகைய நிலத்தில் புறாவைக் குடிவைக்க விரும்பியவர்கள், புறா கேட்கும் பாறையைத் தாமே கட்டிக் கொடுத்தார்கள். அந்தச் சிறு கோபுரம் ஒரு செயற்கைப் பாறை. அதன் பொந்துகள் பாறையின் வெடிப்புகள். உயரத்திலுள்ள கல் விளிம்பிலே, முதுகுக்குப் பின்னே சுவரும் முகத்துக்கு முன்னே வெளியும் இருக்க, தன் சோடியோடு அமர்வதே புறாவுக்கு அமைதி. அந்த அமைதியை அது அங்கே பெற்றது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அக்கூட்டுக்குக் கம்பி வலை இல்லை, பூட்டும் இல்லை. பறவை காலையில் வெளியே போகலாம். போன பறவை திரும்பி வராமலும் இருந்துவிடலாம். ஆயினும் வந்தது. அடைத்து வைத்ததனால் அது தங்கவில்லை. இடம் தன் இயல்புக்கு ஒத்திருந்தமையால் தங்கியது. நாம் கட்டப்போகும் கூட்டுக்கு வலையும் கதவும் வேண்டும். அவற்றின் தேவையைப் பின்னர் கூறுவேன். எனினும், கதவைத் திறந்துவிட்டாலும் பறவை திரும்பி வரத்தக்கதாக அந்தக் கூடு இருத்தல் வேண்டும் என்பதே நாம் மனத்திற் கொள்ள வேண்டிய அளவுகோல்.

புறா செய்தி கொண்டுபோகும் முறையைப் பற்றிச் சிலரிடையே ஒரு மயக்கம் உண்டு. சொன்ன ஊருக்கெல்லாம் பறந்துபோய்ப் பதில் வாங்கி வரும் தூதனாகப் புறாவைக் கதைகள் காட்டுகின்றன. உண்மை வேறு. புறா அறிந்த வழி ஒன்றே; அது தன் கூட்டுக்குத் திரும்பும் வழி. நெடுந்தீவிற் பிறந்து வளர்ந்த புறாவை யாழ்ப்பாணத்துக்குப் படகிற் கொண்டுபோய் அங்கே விட்டால், அது யாழ்ப்பாணத்துச் செய்தியை நெடுந்தீவுக்குக் கொண்டுவரும். நெடுந்தீவுச் செய்தி யாழ்ப்பாணம் போக வேண்டுமாயின், யாழ்ப்பாணத்துக் கூட்டிற் பிறந்த புறா முன்கூட்டியே நெடுந்தீவில் வந்து காத்திருத்தல் வேண்டும். இரண்டுக்கும் இடையே நேர்வழித் தூரம் நாற்பது கிலோமீற்றருக்கு உட்பட்டதே. நன்கு பழகிய புறாவுக்கு அது ஒரு மணி நேரப் பயணமுமன்று. சோழகக் காற்று ஓங்கிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் படகு தாமதிக்கலாம். பறவைக்கு அந்தத் தாமதம் இல்லை.

இதே முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கொழும்புப் பத்திரிகை உலகமும் கையாண்டது. அக்காலத்தில் ஐரோப்பியத் தபாலைக் கொண்டுவரும் கப்பல்கள் காலித் துறைமுகத்துக்கே வந்தன. கொழும்பிலிருந்த ஒப்சேர்வர் பத்திரிகை, கொழும்பில் வளர்த்த புறாக்களைக் காலிக்கு அனுப்பி வைத்தது. கப்பல் வந்தவுடன் அதன் செய்திகளை மெல்லிய தாளில் எழுதிப் புறாவின் வழியே கொழும்புக்கு அனுப்பினர். 1858ஆம் ஆண்டு காலிக்கும் கொழும்புக்கும் இடையே தந்திக்கம்பி வந்தபின் புறாவின் சேவைக்குத் தேவை இல்லாமற் போயிற்று. இந்தியாவில் ஒரிசா மாநிலப் பொலிசார் 1946ஆம் ஆண்டிலே தொடங்கிய புறாத் தபாற் சேவையோ, வானொலிக் கருவிகள் பெருகிய பின்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் நடந்தது. இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. புறா பறந்தது செய்தியின் பொருட்டன்று. தன் வீட்டின் பொருட்டு. வீடு நன்றாக இல்லையெனில் தூதும் இல்லை.

பாரசீக நாட்டிலே, இஸ்பகான் நகரைச் சூழ்ந்த வயல்களில், ஆயிரக்கணக்கான பொந்துகளை உடைய பெரிய புறாக் கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன. அவை தூதுக்காகக் கட்டியவை அல்ல, எருவுக்காகக் கட்டியவை. கோபுரத்தின் அடியிற் சேரும் எச்சத்தை அள்ளி வெள்ளரித் தோட்டங்களுக்கு இட்டார்கள். நோக்கம் வேறாயினும் அமைப்பின் அடிப்படை நெடுந்தீவில் உள்ளதே: உயர்ந்த சுவர், அதில் அடுக்கடுக்கான பொந்து. எந்த நாட்டவர் கட்டினாலும் பறவை ஒன்றாதலால் வீடும் ஒன்றாயிற்று.

கூட்டின் அளவை உயிரிலிருந்தே எடுக்க வேண்டும் என்பதை இன்னும் தெளிவாக்க, முற்றிலும் வேறான ஓர் உயிரை ஒப்பிட்டுக் காட்டுகின்றேன். சுகர் கிளைடர் என்றொரு சிறு விலங்கை இக்காலத்தில் மேல்நாடுகளிற் பலர் வீட்டில் வளர்க்கின்றனர். ஆஸ்திரேலியாவிலும் நியூகினியிலும் உள்ள காடுகளிற் கூட்டமாக வாழும் இது, கங்காருவைப் போன்று குட்டியைப் பையிற் சுமக்கும் இனத்தது. பகலில் மரப்பொந்தில் உறங்கி, இரவில் மரத்துக்கு மரம் காற்றிலே சறுக்கிச் செல்வது. ஆகையால் அதன் கூடு அகலத்தினும் உயரம் மிகுந்ததாய், ஏறுவதற்குக் கிளைகளும் ஒளிந்து உறங்கத் துணிப்பையும் உடையதாய், கம்பிகளின் இடைவெளி அரை அங்குலத்துக்கு மேற்படாததாய் அமைகின்றது. புறாவை அக்கூட்டில் இட்டால் அது வருந்தும். அவ்விலங்கைப் புறாக்கூட்டில் இட்டால் அதுவும் வருந்தும். இதைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நம் நாட்டுக் காடுகளிலுள்ள பறக்கும் அணில்கள் சட்டத்தின் பாதுகாப்புப் பெற்றவை. அவற்றைப் பிடித்து வளர்க்க நினைப்பது குற்றம். பல தலைமுறையாக மனிதனோடு வாழ்ந்து பழகிய புறாவோ, நாம் மனம் தடுமாறாது வளர்க்கத்தக்க பறவை.

இனிக் கூடு கட்டும் முறைக்கு வருவோம். தீவுப்பகுதியில் வாழும் ஒருவர் எட்டுச் சோடிப் புறாக்களை வளர்க்க எண்ணுகின்றார் என்று கொள்வோம்.

முதலாவது, திசை. தீவுகளிற் கூட்டின் ஆயுளைத் தீர்மானிப்பது காற்று. ஆண்டின் நடுமாதங்களில் தென்மேற்கிலிருந்து சோழகம் உப்பையும் தூசியையும் வாரிக்கொண்டு வீசும். ஆண்டின் கடைசி மாதங்களில் வடகிழக்கிலிருந்து வாடை மழையோடு வரும். இவ்விரண்டு காற்றுக்கும் முகங்கொடாத திசைகள் இரண்டே: தென்கிழக்கும் வடமேற்கும். அவற்றுள் தென்கிழக்கு, காலை வெயிலைக் கூட்டினுள் அழைத்து வரும். மாலையின் கடுவெயிலைத் தடுக்கும். ஆதலால் கூட்டின் முகம் தென்கிழக்கை நோக்கியிருக்கட்டும்.

வளவிலே முருகைக்கல் மதில் இருந்தால் அதன் மறைவைப் பயன்படுத்திக்கொள்ளலாம். சாந்தின்றி அடுக்கிய மதில் காற்றை முற்றாகத் தடுப்பதில்லை. கற்களின் இடுக்குகளால் வடித்து வேகத்தைத் தணித்து விடுகின்றது. சாந்து பூசிய உயர்ந்த மதிலோ காற்றை மேலே எற்றி, மறுபுறத்திற் சுழலச் செய்யும். எனவே பழைய மதில் புதிய மதிலினும் நல்ல காவல். ஆனால் மதிலோடு ஒட்டிக் கட்டலாகாது. பூனைக்கும் பாம்புக்கும் அது ஏணியாகிவிடும். நான்கைந்து அடி விலக்கிக் கட்டுக. மதிலுக்கென்று கடலிற் பவளப்பாறையை உடைத்தலும் ஆகாது. அது சட்டத்துக்கும் கடலுக்கும் மாறானது. விழுந்து கிடக்கும் பழைய கற்களே போதும்.

இரண்டாவது, அளவு. ஒரு புறாவுக்குப் பத்துக் கனஅடிக்குக் குறையாத இடம் வேண்டும் என்பது புறா வளர்ப்போர் கைக்கொண்டு வரும் கணக்கு. நீளம் 8 அடி, அகலம் 6 அடி, உயரம் 6½ அடி என்று கொண்டால் 312 கனஅடி கிடைக்கும். அது 30 பறவைகளுக்குப் போதுமானது. எட்டுச் சோடிக்கு 16 பறவைகள்தாமே, இத்துணை பெரிய கூடு எதற்கு என்று கேட்கலாம். புறா ஒரு முறைக்கு இரண்டு முட்டையிடும். ஏறத்தாழ 18 நாள்களில் குஞ்சு பொரிக்கும். சூழல் நன்றாக இருப்பின் ஆண்டில் ஐந்தாறு முறையும் முட்டையிடும். இன்று பதினாறாய் இருப்பவை சில மாதங்களில் முப்பதாகிவிடும். அதற்கு மேலும் பெருகவிட்டால் எந்தக் கூடும் தாங்காது. தேவைக்கு மேற்பட்ட முட்டைகளை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் மரத்தாற் செய்த போலி முட்டைகளை வைத்தால், பறவைகள் சில நாள் அவற்றின்மேல் அமர்ந்திருந்து பின் தாமே விட்டுவிடும். நெருக்கத்தில் வளர்த்துப் பின் நோயிற் பறிகொடுப்பதைவிட இது இரக்கமுள்ள வழி.

உயரம் ஆறரை அடி என்று கூறியதற்கும் காரணம் உண்டு. உள்ளே ஒருவர் நிமிர்ந்து நின்று துப்புரவு செய்யக்கூடிய கூடே நாள்தோறும் துப்புரவாகும். குனிந்து நுழைய வேண்டிய கூட்டை நாளை பார்ப்போம் என்று எவரும் தள்ளிப்போடுவர்.

மூன்றாவது, தளமும் தூண்களும். கூட்டின் தளம் நிலத்திலிருந்து இரண்டடி உயரத்தில் இருத்தல் வேண்டும். மாரியின் ஈரம் ஏறாமலும், அடியில் எலி வளை தோண்டினால் கண்ணுக்குத் தெரியும்படியும் அவ்வுயரம் உதவும். தூண்களுக்கு முதிர்ந்த பனையின் வைரம் ஏற்றது. உப்புக்காற்றுக்கும் கறையானுக்கும் அது எளிதில் இடங்கொடாது. ஒவ்வொரு தூணின் தலையிலும், தளத்துக்குக் கீழே, கவிழ்த்த தட்டுப் போல ஒரு தகரத்தைப் பொருத்துக. ஏறிவரும் எலியும் பாம்பும் அங்கே தடைப்பட்டு நிற்கும். 1964ஆம் ஆண்டு டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் வீசிய கடல்தான் நம் தீவுகளைச் சூழ்ந்த கடல். ஆகவே தூண்களை ஆழ ஊன்றுவதிலும், கூரையைத் தூண்களோடு இறுகப் பிணிப்பதிலும் சோம்பல் கூடாது.

நான்காவது, சுவரும் வலையும். பின்புறமும் இரு பக்கங்களும் பலகையால் அடைக்கப்படுக. முகப்பு மட்டும் வலையாக இருக்கட்டும். பின்சுவரின் உச்சியில், கூரைக்குச் சற்றுக் கீழே, ஒரு சாண் அகலத்துக்கு வலையிட்ட இடைவெளி விடுக. முகப்பால் நுழையும் காற்று சூடேறி மேலெழுந்து அவ்வழியே வெளியேறும். எச்சத்திலிருந்து எழும் கார நெடியும் அதனோடு போய்விடும். வலையின் கண் அரை அங்குலத்துக்கு மேற்படலாகாது. கடைகளிற் கோழிக்கூட்டுக்கென்று விற்கும் பெரிய கண் வலை, கோழியை உள்ளே வைக்குமேயன்றி, எலிக்குஞ்சையும் சிறு பாம்பையும் வெளியே வைக்காது. நாகம் பூசிய சாதாரணக் கம்பி கடற்கரையில் விரைவிலே துருப்பிடிக்கும். பிளாத்திக்கு உறையிட்ட கம்பிக்குக் கூடுதலாகச் செலவிடுவது பின்னர் மிச்சமாகும்.

ஐந்தாவது, கூரை. தகரக் கூரை நண்பகலில் அடுப்பாகும். பனையோலைக் கூரையே தீவின் வெயிலுக்கு ஏற்றது. ஆனால் ஓலைக்குள்ளே எலியும் பாம்பும் குடிபுகும் என்பதை மறக்கலாகாது. ஆதலால் கூரையின் அடியிலும் வலையை விரித்து, அதன்மேல் ஓலை வேய்க. ஓலையை உரிய காலத்தில் மாற்றி வேய்வதும் வேண்டும்.

இனி உள்ளமைப்பு. நெடுந்தீவுக் கோபுரத்தின் பொந்துகள் நமக்குப் பயன்படும் இடம் இதுவே. எட்டடி நீளமுள்ள பின்சுவரில், நீளம், அகலம், உயரம் மூன்றும் ஓரடியாகக் கொண்ட அறைகளை, வரிசைக்கு எட்டாக இரண்டு வரிசை அமைக்கலாம். ஆகப் பதினாறு அறை. ஒரு சோடிக்கு இரண்டு அறை வேண்டும். முதற் குஞ்சுகள் கூட்டை விட்டு இறங்குமுன்னரே தாய் மறுபடி முட்டையிடும் வழக்கமுடையதாதலால், இரண்டாவது அறை இல்லையேல் புதிய முட்டை பழைய குஞ்சின் காலடியிற் சிதையும். ஒவ்வொரு அறையின் முன்விளிம்பிலும் மூன்றங்குல உயரத்துக்கு ஒரு தடுப்புப் பலகை அடித்தால் முட்டை உருண்டு விழாது. ஒவ்வொரு சோடியும் தன் அறையைத் தன்னதென்று கொண்டு காவல் காக்கும். அறைகள் குறைவாயின் சண்டை மிகும். சண்டையில் உடைவன முட்டைகளே.

கதவில்லாத பக்கச்சுவர் ஆறடி. அதில் வரிசைக்கு ஆறாக ஐந்து வரிசை, முப்பது தங்குதட்டுகள் அமைக்கலாம். இவையும் சிறு சதுரக் கட்டங்களே. புறாவின் கால் தட்டையான இடத்தில் நிற்கப் பழகியது. உருண்ட தடிக் கம்பத்தைவிட அகன்ற பலகையே அதற்கு இதம். மேலே அமரும் பறவையின் எச்சம் கீழே அமரும் பறவையின்மேல் விழாமலிருப்பது கட்டத்தின் மற்றொரு நன்மை. தட்டுகளை முகப்பு வலைக்கு அருகே வைக்கலாகாது. இரவிலே பூனை வலைக்கு வெளியே நின்று கைவிட்டு இழுக்கும்.

மற்றைப் பக்கச்சுவரில் நாம் நுழையும் கதவு. முகப்புக்கு முன்னே நான்கடி அகலத்துக்கு, மேலும் வலையால் மூடிய ஓர் உலாவறை இருத்தல் நன்று. பறவைகள் வெயில் காயவும், நீராடவும், சுற்றுப்புறத்தைக் கண்டு மனத்திற் பதிக்கவும் அது இடந்தரும். வெளியே சென்ற பறவை திரும்பி நுழைய, முகப்பின் உயரத்தில் ஒன்றரை அடி அகலமான இறங்குபலகையும், அதன் பின்னே சிறு வாசலும் வேண்டும். வாசலின் மேற்சட்டத்திலிருந்து மெல்லிய கம்பிகளை இரண்டங்குல இடைவெளியில் தொங்கவிட்டு, கீழே வெளிப்புறமாக ஒரு தடை வைத்தால், பறவை கம்பியை உட்புறம் தள்ளிக்கொண்டு நுழையும். உள்ளிருந்து வெளியே தள்ள இயலாது. காலையில் நாம் திறந்துவிடும்போது போகவும், மாலையில் தானே வந்து நுழையவும் இந்த எளிய பொறி வழிசெய்யும்.

கூட்டை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் இருத்தல் இயலாது. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் ஊர்காவற்றுறையிலும் நன்னீர்க் கிணற்றின் அருமையை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. புறா அலகை நீரில் அமிழ்த்தி உறிஞ்சிக் குடிப்பது. ஒரு நாளைக்கு 30 முதல் 60 மில்லிலீற்றர் வரை குடிக்கும். வெயிற்காலத்தில் இன்னும் மிகுதி. முப்பது பறவைக்கு இரண்டு லீற்றர் என்று வையுங்கள். கிணறு உவராயின் மழைநீரைச் சேர்த்து வைத்துக் கொடுக்க வேண்டும். கிழமைக்கு ஓரிரு முறை அகன்ற தட்டில் நீராட நீர் வைத்து, நீராடியபின் உடனே அகற்றிவிடுக. தீனியாகச் சோளம், பயறு, நெல், குரக்கன் முதலிய தானியங்களைக் கலந்து பறவைக்கு நாளொன்றுக்கு 30 கிராம் அளவிற் கொடுக்கலாம். முட்டை ஓட்டுக்கும் இரைப்பையின் அரைப்புக்கும் வேண்டிய சிப்பித்தூளும் சிறு மணலும் தீவின் கரையிலேயே கிடைக்கின்றன. கடல்நீரின் உப்பு நீங்கக் கழுவி உலர்த்தி வைத்தல் போதும்.

கூடு ஆயத்தமானபின் பறவையைக் குடிவைக்கும் முறையையும் சொல்ல வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். பிறர் கூட்டில் வளர்ந்த முதிர்ந்த புறாவை விலைக்கு வாங்கி, அது பறந்துவிடும் என்று அஞ்சிச் சிறகை வெட்டுகின்றனர். வெட்டிய சிறகு மீண்டும் வளரும்போது பறவை தன் பழைய வீட்டுக்கே போய்விடும். அதுவரை பறக்க முடியாமல் பூனைக்கும் காகத்துக்கும் இரையாகாமல் இருந்தாலன்றோ போவதற்கு! தீனி கொத்தப் பழகிய, ஐந்து வாரத்து இளங் குஞ்சுகளை வாங்குவதே நல்வழி. அவை உலாவறையிலிருந்து சுற்றுப்புறத்தைப் பார்த்துப் பழகச் சில வாரங்கள் விடுக. பின் ஒரு மாலைப்பொழுதில், தீனி இடுமுன், பசியோடு இருக்கும்போது வாசலைத் திறந்துவிடுக. தானியப் பாத்திரத்தைத் தட்டும் ஓசைக்கு அவை இறங்கி வரும். நாள்தோறும் ஒரே ஓசையால் அழைத்தால் அதுவே அவற்றுக்கு மணியோசையாகும். புதிதாகச் சேர்க்கும் எந்தப் பறவையையும் இரண்டு மூன்று கிழமை தனியே வைத்துப் பார்த்த பின்னரே கூட்டத்திற் சேர்க்க வேண்டும். ஒரு நோயுற்ற பறவை முழுக் கூட்டையும் வெறுமையாக்கும்.

கூட்டின் தூய்மை பறவைக்கு மட்டுமன்றி வளர்ப்பவருக்கும் உயிர்நிலை. உலர்ந்த எச்சத்தின் தூசியும் சிறகின் பொடியும் நெடுநாள் சுவாசத்திற் சென்றால் நுரையீரலைப் புண்படுத்தும். அதற்குப் புறா வளர்ப்போர் நுரையீரல் நோய் என்றே மருத்துவத்திற் பெயருண்டு. எச்சத்தில் வளரும் சிலவகைப் பூஞ்சணமும் உடல்வலி குன்றியவர்க்குக் கேடு செய்யும். ஆதலால் சுரண்டுமுன் சிறிது நீர் தெளித்துத் தூசி அடங்கச் செய்து, மூக்கையும் வாயையும் துணியால் நன்றாகக் கட்டிக்கொண்டே துப்புரவு செய்க. இழுப்பு நோய் உள்ளவர்களும் சிறு பிள்ளைகளும் அவ்வேளை அங்கே நிற்கலாகாது. அள்ளிய எச்சத்தைக் குழியில் இட்டு மக்கவைத்தால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல எருவாகும். இஸ்பகான் உழவர் கண்ட பயனை நம் தோட்டமும் காணலாம்.

இத்தனையும் கேட்டபின், ஒரு சில புறாக்களுக்காக இவ்வளவு முயற்சியா என்று சிலர் எண்ணக்கூடும். பறவை நம்மைக் கேட்டு வரவில்லை. நாமே அதனைக் கொண்டுவந்தோம். கொண்டுவந்தவர்க்கு இடங்கொடுக்கும் கடமையும் உண்டு. வீடு என்பதன் அருமையைத் தீவக மக்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டை அடுத்த காலத்திலே போரினால் தீவுகள் பலவற்றின் மக்கள் தம் வீடுகளை விட்டுப் பெயர்ந்தனர். கூரையிழந்த சுவர்களும் தூர்ந்த கிணறுகளும் அவர்களுக்காகப் பல்லாண்டு காத்துக் கிடந்தன. திரும்பி வந்தவர்கள் முதலிற் செய்தது அச்சுவர்களைத் தொட்டுப் பார்த்ததும் கிணற்றை இறைத்ததுமே. கடலைக் கடந்து வழி தேடித் தன் பொந்துக்கு வந்து சேரும் பறவையின் மனத்தை அறிய, அவர்களினும் தக்கார் யார்?

ஆகவே நேயர்களே, கூடு கட்ட எண்ணுவோர் முதலிற் பறவையை நோக்குங்கள்; அதன் பிறகு அளவுகோலை எடுங்கள். காற்றுக்கு முதுகும் காலை வெயிலுக்கு முகமும் காட்டி, நிலத்துக்கு மேலே, ஒவ்வொரு சோடிக்கும் தனித்தனிப் பொந்துகளோடு கட்டுங்கள். எல்லாம் முடிந்தபின் ஒரு மாலையில் வாசலைத் திறந்துவிட்டுக் காத்திருங்கள். வானத்தில் இரண்டொரு வட்டமிட்டு, இறங்குபலகையில் வந்து அமர்ந்து, கம்பியைத் தலையால் தள்ளிக்கொண்டு புறா உள்ளே நுழையுமாயின், நீங்கள் கட்டியது சிறையன்று, வீடு என்று அறிந்துகொள்ளலாம்.